மலையில் சிவப்பாக ஒரு பேர்

சிவப்பு கரைந்து பாறையில் வழிகிறது, என் முழங்கை வரை வழிகிறது, நைலான் பிரஷ்ஷை விடாமல் தேய்க்கிறேன், 'த' போய்விட்டது, 'வ' பாதி போய்விட்டது, என்னக்கா, என்னையவா அழிக்கிற என்று காதோரம் கேட்கிறான் தம்பி தவசி, செத்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் வாய் மட்டும் குறையவில்லை, சும்மா கெடடா, வேலையா இருக்கேன்ல என்கிறேன், பக்கத்தில் வாளியோடு நிற்கிற பஞ்சாயத்துத் தலைவர் பேச்சியம்மாள் யாருகிட்டக்கா பேசுறீங்க என்கிறாள், யாருகிட்டயும் இல்ல தாயி, நீ தண்ணிய ஊத்து.

அன்றைக்கும் மலையிலிருக்கிற மூணு குகையில் இதே குகைதான், இதே வெயில், தவசி தேர்தலுக்குச் சுவரெழுதப் போகிறவன், மிஞ்சிய பெயிண்டோடு மலையேறுகிறான், டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான்தான், குகை வாசல் பாறையில் கோழி கிண்டினது போல என்னமோ கீறல், அதன் மேலேயே எழுதுகிறான், இத்துணூண்டு எழுதுறியேடா, நம்ம வாசல்ல நின்னு பாத்தா தெரிய வேணாமா, பெருசா எழுது என்கிறேன், ஆளுயரத்துக்கு எழுதினான், அடுத்த மாசம் டவுனில் ஏணி ஏறியவன் மின்கம்பியில் கை பட்டுப் போய்ச்சேர்ந்தான், உருப்படியாய் ஒரு போட்டோகூட இல்லை, அன்றிலிருந்து தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பேன், மலையில் சிவப்பாக அவன் இருப்பான், அப்புறம்தான் எனக்குப் பொழுது விடியும்.

கோழி கிண்டினதில்லையாம் அது, ஈராயிரம் வருஷத்து எழுத்தாம், போன கிராம சபையில் சொன்னார்கள், சமண முனிவர்கள் படுக்க யாரோ ஒருத்தன் கல்லைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறான், அவன் பேராக இருக்கலாம், ஓரம் மட்டும் தெரிகிறது, மற்றதைப் பெயிண்ட் மூடிக்கிடக்கிறது, பஞ்சாயத்தே சுத்தம் செய்யப்போகிறது, தொல்லியல் துறை ஆள் பெயிண்டைக் கரைக்கிற மருந்தோடு வந்து பக்குவம் சொல்லித்தருவார், கூட யார் வாரீங்க என்று பேச்சியம்மாள் கேட்டபோது எல்லார் கண்ணும் என் மேல், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்னைய என்ன பாக்குறீங்க, நான் வாரேன் என்று கையைத் தூக்கிவிட்டேன், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாலு நாளாகக் கண்டவன் பேரையெல்லாம் அழித்தோம், காதலர்கள், கட்சிக்காரர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள், தவசியைக் கடைசிக்கு வைத்திருந்தாள் பேச்சியம்மாள், இப்போது 'சி' மட்டும் மிச்சம், என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், போதும்க்கா, அந்த ஓரெழுத்து இருந்துட்டுப் போகட்டும், யாரு கேக்கப்போறா என்கிறாள், தொல்லியல் துறை ஆள் கேட்காதவர் போலத் திரும்பிக்கொள்கிறார், எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும், அந்த ஓரெழுத்தை வைத்து மிச்ச காலத்தை ஓட்டிவிடுவேன், ஆனால் அதற்கு அடியிலும் ஒருத்தன் மூச்சுமுட்டிக் கிடக்கிறானே, விடு தாயி, டப்பாவப் பிடிச்சவ நான்தான், நானே தொடைக்கிறேன், தேய்க்கிறேன், வேணாம்க்கா, வேணாம்க்கா என்கிறான் தவசி, தேய்க்கிறேன், பேச்சியம்மாள் தண்ணீர் ஊற்றுகிறாள், கீறல்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன, துறை ஆள் கல்லைத் தொடாமல் விரலை ஓட்டி ஒரு பேரை வாசிக்கிறார், அந்தப் பேருக்காரருக்கு அக்கா தங்கச்சி யாரும் உண்டா சார் என்று கேட்கிறேன், அதெல்லாம் எழுதலம்மா என்கிறார்.

மறுநாள் வாசல் தெளிக்கிறேன், பழக்கத்தில் நிமிர்கிறேன், பாறை பாறையாக இருக்கிறது, மூன்று குகைகளும் ஒன்று போல இருக்கின்றன, எது என்று பிடிபடவில்லை, தவசி என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், நேற்று வரை வாய் ஓயாதவன் பதிலே சொல்லவில்லை, டேய் என்கிறேன், கோபமாடா என்கிறேன், வாளியும் கையுமாக மலை முழுவதும் தேடிக்கொண்டு நிற்கிறேன்.