கூரைமேல் சக்கரம்

சண்முகவடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கியவள் முகம்கூடக் கழுவாமல் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் புருஷன் வீரய்யா ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். தார் பீப்பாய்த் தகட்டை வெட்டிச் சக்கரத்துக்கு இறக்கை கட்டியிருந்தான். காற்றில் சக்கரம் சுற்றினால் டயரில் உரசி டைனமோ ஓடும். டைனமோவிலிருந்து வயர் தகரத்து ஓட்டை வழியாக அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இறங்கியது.

"விழுந்து கிழுந்து வச்சிராதீங்க!"

"நீ கீழ நின்னு கத்தாம இருந்தாலே விழமாட்டேன் புள்ள."

போன வருசம் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு சரிந்து மகள் லெட்சுமியின் பாவாடையில் தீப்பிடித்துவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொடையிலிருந்து முழங்கால் வரை தோல் இன்னும் சுருங்கித்தான் கிடந்தது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்தாலே சண்முகவடிவு ஓரிடத்தில் நிற்கமாட்டாள். லாம்பைப் பெட்டிமேல் வைப்பாள், எடுத்து அம்மிமேல் வைப்பாள், பிள்ளை எங்கே என்று பார்ப்பாள், மறுபடி இடம் மாற்றுவாள். நின்றபடியே சோறு தின்பாள். நெருப்பில்லாத வெளிச்சம் வேண்டும் என்று வீரய்யாவை அரித்தெடுத்தாள். நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் உண்டாகிற கரண்டு அவர்கள் தலைக்கு மேலேதான் கம்பியில் போனது. தோட்டத் துரை பங்களாவில் இறங்கும், தேயிலைப் பெக்டரியில் இறங்கும், லயத்தில் மட்டும் இறங்காது. லயத்துக்குத் தாராளமாகக் கிடைத்தது காற்று ஒன்றுதான்.

அந்த ஆடிக்காற்று முதல் நாளே சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றியது. பல்பு மினுக்கியது, மங்கியது, சட்டென்று பளிச்சென்று எரிந்தது. லெட்சுமி கைதட்டினாள். சண்முகவடிவு அழுதேவிட்டாள். ஆனாலும் காற்று தணிந்தால் என்ன செய்வது என்று ஒரு கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டேதான் அழுதாள்.

வீரய்யா ஒன்றை யோசிக்கவில்லை. லயத்தில் காம்பரா பத்து இருந்தாலும் கூரை ஒன்றுதான். ஒருத்தன் தகரத்தில் கம்பம் நட்டால் பத்துப் பேர் தலைக்கு மேலும் நட்டதாகத்தான் அர்த்தம். சக்கரம் சுற்றச் சுற்ற லயம் முழுக்கக் கடகடவென்று அதிர்ந்தது. மூன்றாம் நாள் மாலை, பக்கத்துக் கடைசிக் காம்பராவில் இருக்கும் பழனியாண்டி மழையில் நனைந்தபடி வந்து நின்றான்.

"அண்ணே, தகரத்து ஆணியெல்லாம் கழண்டுருச்சு. எங்க பக்கம் ஒழுகுது. பச்சப்புள்ள இருக்கு, கொஞ்சம் பாருங்கண்ணே."

வீரய்யா வாயைத் திறக்குமுன் சண்முகவடிவு முந்திக்கொண்டாள்.

"ஒம் பொண்டாட்டி சொல்லி அனுப்புனாளா தம்பி? எங்க வீட்டுல வெளிச்சம் வந்தா அவளுக்குப் பொறுக்காதே!"

பழனியாண்டி திரும்பிப் போய்விட்டான்.

அவன் பெண்டாட்டி அழகம்மாவுக்கும் இவளுக்கும் பேச்சில்லை. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழ இடைவெளி உண்டு. அதன் வழியாக அழகம்மாவின் ஈரவிறகுப் புகை இந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு நாள் வாய்ச்சண்டை வந்தது. சண்முகவடிவு விடுவாளா? தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து இடைவெளி முழுவதையும் ஆணி அடித்து அடைத்துவிட்டாள். அழகம்மா பிள்ளை பெற்றபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

"பழனி பொய் சொல்ற ஆளு இல்ல," என்றான் வீரய்யா.

அது அவளுக்கும் தெரியும். உட்கார்ந்தாள், எழுந்தாள், பல்பைப் பார்த்தாள். கடைசியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள்.

அழகம்மா மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. ஒரு கையால் குழந்தைக்கு மேலே குடையைப் பிடித்திருந்தாள். வீட்டுக்குள் குடை! நனையாத இடம் அந்த மூலை ஒன்றுதான். அதனால் குப்பி லாம்பும் அங்கேயே, குழந்தையின் துணிக்கு ஒரு சாண் தள்ளி எரிந்துகொண்டிருந்தது.

சண்முகவடிவு வாசலிலேயே நின்றுவிட்டாள். லெட்சுமி பற்றி எரிந்த அன்று முதலில் ஓடிவந்தவள் இந்த அழகம்மாதான். சுவருக்கு மேலே அலறல் கேட்டு ஓடிவந்து, ஈரச்சாக்கைப் போட்டு அணைத்தாள். அதை மறந்துவிட்டுப் புகைக்குச் சண்டை பிடித்தோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. லாம்பைத் தூக்கிக் குழந்தையின் துணி எட்டாதபடி சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நாளைக்கே அதக் கழட்டுங்க," என்றாள் வீரய்யாவிடம்.

மறுநாள் ஆணிகளை இறுக்கித் தார் பூசிய பிறகு, லயத்துக்கு அப்பால் உள்ள மேட்டில் கம்பத்தை நட்டான் வீரய்யா. காற்றுக்கு அது இன்னும் தோதான இடம். வயர்தான் எட்டவில்லை. பழனியாண்டியின் கடைசிக் காம்பராவோடு நின்றுவிட்டது. வெளிநாட்டுச் சாமான் வருவதே நின்றுபோன காலம். ஹட்டன் கடைகளில் ஒரு முழம் வயர்கூட இல்லை.

"இப்ப என்ன புள்ள செய்யிறது?"

"பல்ப அங்கயே மாட்டுங்க. பச்சப்புள்ள இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மாலை குப்பி லாம்பை ஏற்றியதும் பழைய அலைச்சல் தொடங்கிவிட்டது. பெட்டிமேல் வைத்தாள். எடுத்தாள். அம்மிமேல் வைத்தாள்.

"அம்மா, அங்க பாரேன்," என்றாள் லெட்சுமி.

சுவருக்கு மேலே, பலகை இடுக்குகளில் மஞ்சள் கோடுகளாக வெளிச்சம் தெரிந்தது.

சண்முகவடிவு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பெட்டிமேல் ஏறினாள். தான் அடித்த பலகைகளைத் தானே நெம்பினாள். முதல் பலகை விழுந்ததும் புகைதான் வந்தது. இருமிக்கொண்டே அடுத்ததை நெம்பினாள்.

"யாரது, அக்காவா?" அந்தப் பக்கமிருந்து அழகம்மா கேட்டாள்.

"நான்தான்டி."

அடுத்த பலகையும் விழுந்தது. பிறகு, "இந்தாங்க, பல்ப அந்தச் சுவத்துமேல தூக்கிக் கட்டுங்க. ரெண்டு பக்கமும் விழட்டும்," என்று அழகம்மா பழனியாண்டியிடம் சொல்வது கேட்டது.

சண்முகவடிவு குப்பி லாம்பை ஊதி அணைத்தாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றிருப்பாள். காற்று தணிந்தது, வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அவள் கை தன்னால் தீப்பெட்டிக்குப் போனது.

"பத்த வைக்காதீங்க அக்கா," என்றது சுவருக்கு மேலே அழகம்மாவின் குரல். "செத்த பொறுங்க, காத்து வரும்."

சண்முகவடிவு தீப்பெட்டியை வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.