கடைசி மொறைக் கொடம்

அக்கா... முழிச்சிகினுதான் கீறியா? பொரண்டு பொரண்டு படுக்கிறியே, அதான் கேட்டேன். வயித்துல உதைக்குதா? ரவ இந்தப் பக்கம் திரும்பேன். உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது. அம்மா கதவாண்டதான் படுத்துகினு கீது.

சாயங்காலம் நீ வண்டிலேர்ந்து எறங்கனதும் அம்மா சொல்லிச்சே, பாயம்மா ஊட்டுக்கு இனிமே பைப்புல மொறை கெடையாது, நாளைக்கு எல்லாரும் கூடி அந்த மொறைய வேற ஊட்டுக்குக் குடுக்கப் போறோம்னு. அவங்க இன்னா தப்பு பண்ணாங்கன்னு நீ கேட்டே. அப்பால சொல்றேன்னுட்டு அம்மா அடுப்பாண்ட போயிடுச்சு. அவங்க ஒண்ணியும் பண்ணலக்கா. பண்ணது நானு.

இரு, மொதல்லேர்ந்து சொல்றேன். நீ கண்ணாலம் ஆயி பட்டாபிராம் போறச்சே நம்ம லைன் ஊட்டு அடி பைப்பு எப்பிடி இருந்துச்சு? ரெண்டு அடி அடிச்சா கொட்டும். இப்ப அப்பிடி இல்ல. போன ஐப்பசில மழையே இல்ல. அயனம்பாக்கம் ஏரி வெடிச்சி கெடக்குது, பசங்க அதுல கிரிக்கெட்டு ஆடுறானுங்க. தண்ணி கீழ எறங்கிடுச்சா, பைப்பு ரவ நேரம் சும்மா இருந்தா உள்ள கீற தோலு வாசரு காஞ்சி போவுது. மேலேர்ந்து ஒரு கொடம் தண்ணி ஊத்திகினே அடிச்சாதான் புடிக்கும். இல்லனா வெறும் காத்துதான் வரும்.

அதனால பதினோரு ஊட்டுக்கும் மொறை வெச்சிட்டாங்க. சாயங்காலம் கடைசி மொறை யாருதோ அவங்க ஒரு கொடம் ரொப்பி, பைப்பாண்டயே வெச்சி, தட்டு போட்டு மூடி, மேல கல்லு வெச்சிட்டுப் போவணும். காலைல மொத ஆளு அத்த ஊத்தித்தான் அடிக்கணும். அந்தக் கொடத்துல யாரும் கை வெக்கக் கூடாது, கொயந்த தவிச்சா கூட. இந்தச் சட்டத்தப் போட்டதே நம்ம அம்மாதான்.

செவ்வாக்கெழம கடைசி மொறை பாயம்மாவுது. பேரு அஷ்ரஃபுன்னிசா. நீ பாத்ததில்ல, பூந்தமல்லிலேர்ந்து வந்து ஆறு மாசந்தான் ஆவுது. ஊட்டுக்காரரு ஹாஜா மொய்தீன் பாய், பாடில தையக் கட வெச்சிகீறாரு. கைக்கொயந்த ஒண்ணு.

மறுநாளு எங்களுக்கு ஸ்கூல்ல குரூப் போட்டோ. பதினொண்ணாங் கிளாசு எஸ்.எஸ்.எல்.சி., இதோட பள்ளிக்கூடமே முடிஞ்சிது. எல்லாரும் தல குளிச்சிட்டு பளபளன்னு வருவாளுங்க. என் தல மூணு வாரமா பிசுக்கு. அம்மா மாவு அரைக்கப் போயிருந்துச்சு. நான் சீயக்காவக் கரைச்சி தல பூரா தேச்சிட்டேன். அப்பால அண்டாவத் தெறந்து பாக்குறேன், அடில ரெண்டே சொம்பு. நைனா ஷிப்டு முடிஞ்சி வந்து குடிக்க வெச்சது. கண்ணு எரியுது. இருட்டிகினு வந்துச்சு. பின்பக்கமா பைப்பாண்ட போனேன். யாரும் இல்ல. கொடம் இருந்துச்சு.

அப்ப எனக்கு இன்னா தோணுச்சி தெரியுமா? சிரிக்காத. போன மாசம் டீச்சர் போர்டுல படம் போட்டாங்க. கடலு, மேகம், மழை, பூமிக்குள்ள எறங்குற தண்ணி, மறுபடி கடலு. சுத்தி அம்புக்குறி. ஒலகத்துல கீற தண்ணி கொறையறதே இல்ல, சுத்திகினேதான் கீதுன்னாங்க. நான் பரிச்சைல எழுதி பத்துக்கு ஒம்போது வாங்குனேன். சரி, என் தலைல ஊத்துற தண்ணியும் இந்த மண்ணுலதான எறங்கப் போவுது, இதே பைப்புக்கு அடியிலதான போவும், அடிச்சா வந்துடப் போவுதுன்னு நெனச்சேன். மெய்யாலுமே அப்பிடித்தான் நெனச்சேன். அந்த அம்புக்குறி ஒரு சுத்து வர எத்தினி நாளாவும்னு நான் கேக்கவே இல்ல.

ஊத்துனேன். நல்லா இருந்துச்சுக்கா. அத்த நெனச்சாதான் இன்னும் அசிங்கமா கீது. ஜில்லுனு முதுகெல்லாம் எறங்குச்சு. ஒரு சொம்பு மட்டும் மிச்சம் வெச்சி, அத்த பைப்புல ஊத்தி அடிச்சேன், கொடத்த ரொப்பி வெச்சிடலாம்னு. புடிக்கல. தொங்கித் தொங்கி அடிச்சேன். காத்துதான் வருது. யாரோ இருமுற சத்தம் கேட்டுச்சு. பயந்துட்டேன். காலிக் கொடத்து மேல தட்ட மூடுனேன். தட்டு மேல கல்லயும் எடுத்து வெச்சேன், முன்ன இருந்தா மாரியே.

தல அலசினத கூட உட்டுடுக்கா. அந்தக் கல்ல வெச்சேன் பாரு.

காலைல மொத மொறை அம்மாவுது. தட்டத் தெறந்துட்டு போட்ட சத்தத்துல லைனே எயந்திரிச்சிடுச்சு. ஒவ்வொரு ஊட்லேர்ந்தும் குடிக்க வெச்சதுல ஒரு சொம்பு கொண்ணாந்து ஊத்துனாங்க. அத்தினியும் உள்ள போச்சு, ஒண்ணியும் புடிக்கல. வாசரு வெடிச்சிப் போச்சுன்னாங்க. தங்கவேல் அண்ணாத்தே வேலைக்கு மட்டம் போட்டுட்டு பாடிக்குப் போயி வேற வாசரு வாங்கியாந்து மாட்டுறதுக்குள்ள மணி பதினொண்ணு. என் ஒரு தலைக்கு பதினோரு ஊட்டுத் தண்ணி போச்சு.

"நேத்து கடைசி மொறை யாருது?"ன்னு அம்மா கேட்டுச்சு.

பாயம்மா கொயந்தைய இடுப்புல வெச்சிகினு முன்னால வந்துச்சு. "என்துதாம்மா. ரொப்பி மூடி வெச்சிட்டுத்தான் போனேன்."

"ரொப்பி வெச்சியா? அப்ப கல்ல நவுத்தாமலே பேயி பூந்து குடிச்சிட்டுப் போச்சா?"

"அல்லா மேல ஆணையா வெச்சேம்மா."

"உன் ஆணைய ஊத்தி அடிச்சா பைப்பு புடிக்குமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். சிரிக்கலன்னா கண்டுபுடிச்சிடுவாங்களோன்னு. பாயம்மா சுத்தி ஒருவாட்டி எல்லாரையும் பாத்துச்சு, என்னையும் பாத்துச்சு. அப்பால ஊட்டுக்குள்ள போயிடுச்சு.

நாலு நாளா அத்த பைப்பாண்ட யாரும் உடல, அயனம்பாக்கம் ஏரிக்குப் போயிட்டு வருது. நடுல பள்ளம் தோண்டி வெச்சிகீறாங்க, அதுல ஊறுறத மொண்டுகினு. மொறை போச்சுன்னா பூந்தமல்லிக்கே திரும்பிடலாம்னு பாய் சொல்றாராம். கடைய உட்டுட்டு.

இன்னிக்கு மத்தியானம் மனசு தாங்காம நானும் போனேன். ஒரு கொடமாச்சும் தூக்கிக் குடுக்கலாம்னு. வெயிலு அப்பிடிக் காயுது. ஒரு கொட்டாங்குச்சி மொண்டா அடுத்தது ஊறுற வரைக்கும் குந்திகினு இருக்கணும். கொயந்த மண்ணுல ஆடுது. எதிர்ல குந்துனேன். அதுவே கேட்டுச்சு.

"போட்டோ வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல."

"அன்னிக்குக் காலைல உன் பின்னந்தலைல சீயக்கா அப்பிடியே ஒட்டிகினு இருந்துச்சு. போட்டோல தெரியப் போவுதேன்னு நெனச்சேன்."

என்னப் பாக்காம, பள்ளத்தப் பாத்துகினே சொல்லிச்சு. அதுக்குத் தெரியும்கா! அத்தினி பேரு சிரிக்கறச்சே அதுக்குத் தெரியும்.

"ஏன் சொல்லல?"ன்னேன்.

"வயசுப் பொண்ணு பேர எப்பிடி அத்தினி பேரு நடுவுல இழுக்கறது? நான் சொன்னாலும் நம்பப் போறாங்களா? நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

கோவமா சொல்லியிருந்தா கூட பரவால்ல. கொடம் ரொம்புனதும் நான் தூக்கறேன்னு கைய வெச்சேன். "வேணாம்மா. நீ தூக்கினு வந்தா உங்கம்மா ஏன்னு கேக்கும்"னு சொல்லி, கொயந்தைய ஒரு பக்கம், கொடத்த ஒரு பக்கம் வெச்சிகினு நடந்துடுச்சு. நான் வெறுங்கைய வீசிகினு பின்னாலயே வந்தேன், நம்ம மேனாம்பேடு வரைக்கும்.

இன்னாக்கா, கைய மட்டும் புடிச்சிகினு கீற? திட்டவாவது திட்டு.

அம்மாவாண்டயா? கொன்னுடும்கா. அடிச்சா கூட வாங்கிக்கறேன். அது அன்னிக்கு இன்னா பேச்சு பேசிச்சு! போட்ட சட்டத்த அது பொண்ணே ஒடைச்சான்னு தெரிஞ்சா, அது மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சிக்கும்?

நீ சொல்றியா? நீ புள்ளத்தாச்சி, உன்ன ஒண்ணியும் சொல்லாது.

சரி... சரி, கைய வுடு, நானே சொல்றேன். விடிஞ்சதும் சொல்லட்டா?

ஆமா. விடிஞ்சா அது பைப்பாண்ட போயிடும். எல்லாரும் இருப்பாங்க. அப்ப தெரிஞ்சா அதுக்குத்தான் இன்னும் அசிங்கம். இப்ப தெரிஞ்சா, அதுவே போயி பாயம்மாவாண்ட பேசலாம். பேசுமாக்கா?

நீ ஒக்காந்துகினே இரு. படுத்துடாத.

யம்மா. யம்மா, எயந்திரி. நோவெல்லாம் இல்லம்மா, அக்கா நல்லாதான் கீது. இல்ல, தண்ணியும் வோணா. நாந்தான், எனக்குத்தான் உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். வெளக்க ஏத்தாதம்மா. இப்பிடியே இருட்டுலயே ரவ ஒக்காரு.