துணி அறையில் நாற்பது நிமிடம்

ஆண்கள் வார்டின் பெரிய சிஸ்டருக்கு ஆஃப் கிடைத்துப் பத்தொன்பது நாளாகியிருந்தது. இத்தனைக்கும் டியூட்டி பட்டியல் போடுகிறவளே அவள்தான். பதினோரு நர்ஸுகளுக்கும் பார்த்துப் பார்த்து ஆஃப் போட்டவள், ஆள் குறைந்த இடத்திலெல்லாம் தன் பெயரை எழுதித் தொலைத்திருந்தாள். வீட்டிலும் அதே கதைதான். மாமியாரின் மாத்திரை அவர் தலைமாட்டிலேயே இருக்கும். எங்கே என்று கேட்டு இவளுக்குத்தான் போன் வரும். சபையைக் கேட்கவே வேண்டாம். பாடகர் குழுவின் அங்கி துவைக்க, ஓய்வுநாள் பள்ளி நடத்த, எதற்கும் "நம்ம சிஸ்டர் இருக்காங்களே" என்பார் போதகர். ஓய்வுநாளில் ஓய்வில்லாத ஒரே ஆள் அவள்தான்.

அன்று காலை, ஒன்பதாம் கட்டிலுக்கான ஊசியை எடுத்துக்கொண்டு போய் ஆறாம் கட்டில்காரரின் கையைத் துடைத்தாள். குத்தப் போகும் நேரத்தில்தான் கட்டில் எண் கண்ணில் பட்டது.

"என்ன சிஸ்டர், துடைச்சுட்டுக் குத்தாம நிக்கறீங்க?" என்றார் அவர்.

ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒன்பதாம் கட்டிலுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்து ஊசியைப் போட்டுவிட்டு, நேரே துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மடித்து வைத்த படுக்கை விரிப்புகளின் முன்னால் முட்டி போட்டாள்.

"ஆண்டவரே, உமக்கு வேற ஆளே கிடைக்கலையா? பாரத்தை இறக்கி வைன்னு சொல்றீர். எங்கே வைக்கட்டும்? நான் ஒரு நிமிஷம் கண்ணை மூடினா இந்த வார்டு என்ன கதியாகும், தெரியுமா உமக்கு? இன்னைக்கு ஒரு உயிரையே எடுக்கப் பார்த்தேன். பயமா இருக்கு. இனிமே என்னால முடியாது."

அழுகை முட்டியது. விரிப்புகளின் மேல் தலையைக் கவிழ்த்தாள்.

மறுபடி தலை நிமிர்ந்தபோது நாற்பது நிமிடம் ஓடிப்போயிருந்தது. அடித்துப் பிடித்து வெளியே வந்தாள். வாசலில் காவல் நின்றிருந்தாள், ஓயாத வாய்க்காக 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய ஆயா.

"ஏன் என்னைக் கூப்பிடல?"

"ஜெபத்துல இருக்கறவங்களை எப்படிக் கூப்பிடறது? டாக்டரையே சத்தம் போடாம ரவுண்ட்ஸ் போகச் சொன்னேன். சின்ன சிஸ்டர் மருந்தெல்லாம் குடுத்துட்டாங்க. உங்க மாமியார் போன் பண்ணினப்பவும் நானே பேசிட்டேன். மாத்திரை தலைமாட்டுலயே இருந்துச்சாம்." ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல உங்ககிட்டேருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு."

"அது குறட்டை," என்றாள் பெரிய சிஸ்டர்.

வார்டைப் பார்த்தாள். எல்லாம் நடந்திருந்தது, அவள் இல்லாமலேயே. முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு, எத்தனையோ நாளாக இறுகிக் கிடந்த நெஞ்சு லேசாகிவிட்டது. தூங்கு என்று ஆண்டவரே படுக்க வைத்துவிட்டு வார்டைப் பார்த்துக்கொண்டதாக நம்பினாள். அந்த நம்பிக்கையில் கால்களுக்கும் தெம்பு வந்தது.

அப்போது நர்ஸுகளுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் போனில் வந்தார்.

"நாளைக்கும் ஆளில்ல சிஸ்டர். நீங்களே வந்துடுங்க."

"முடியாதும்மா. காலையில ஊசியை ஆள் மாத்திப் போட இருந்தேன். நடந்ததை எழுதியே தரேன்."

மேட்ரன் குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஆண்டவர் பார்த்துப்பார், வாங்க."

"ஆமாம்மா, அவர் பார்த்துப்பார்," என்றாள் பெரிய சிஸ்டர். "அதனாலதான் நான் வரல."