அணையா நெருப்பின் முன் தங்கபுஷ்பம்

புகை கண்ணைக் கரிக்கிறது, சுவரும் உத்தரமும் கரியேறிப்போன அந்தச் சின்ன மலை மண்டபத்தில் இரும்புக் கொப்பரை கொதிக்கிறது, அடியில் எரியும் நெருப்பு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அணையவில்லை என்கிறார்கள், எதிரே தங்கபுஷ்பம் நிற்கிறாள், என்னோடு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து செத்துப்போன சேர்மக்கனியின் மனைவி, அவன் சாம்பலை வாங்கிப்போக உடன்குடியிலிருந்து ஜப்பானுக்கு வந்தவள், நாளைக்கு விமானம், அதுக்குள்ள அந்தத் தீவுக் கோயிலக் காட்டுங்கண்ணே, போன் பண்ணினா அவுக அதப்பத்தித்தான் பேசுவாக என்று கேட்டாள், காலையில் படகேறினோம், கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாயிலை எல்லோரும் படமெடுத்தார்கள், அவள் திரும்பவேயில்லை, கோயில் படிக்கட்டில் மந்திரம் பொறித்த உருளைகள் வரிசையாக இருக்கின்றன, சுழற்றினால் ஓதிய புண்ணியம் என்றேன், அவள் கை நீட்டவில்லை, நான் ஒன்றுவிடாமல் சுழற்றினேன், மேலே போனதும் சொல்லிவிடலாம், மலைப்பாதையில் ஏறும்போது சொல்லிவிடலாம், இரண்டு மாதமாக இதே வாக்கியம்தான் எனக்குள், தூக்கத்திலும் அவன் செத்துக்கிடந்த அந்தக் கப்பல் எண்ணெய்த் தொட்டியின் இரும்பு ஏணி, அதில் இறங்குகிறவன் நானா அவனா என்று தெரியாமல் விழித்துக்கொள்கிறேன்.

நெருப்பைக் காக்கும் பிட்சு கொப்பரையிலிருந்து இருவருக்கும் வெந்நீர் மொண்டு தந்தார், வாங்கிக்கொண்டதும், அன்னைக்கு அந்தத் தொட்டிக்குள்ள இறங்க வேண்டியது நான், காய்ச்சல்னு பொய் சொல்லிப் படுத்துட்டேன், எனக்குப் பதிலா அவன் போனான் என்றேன், விறகு வெடித்தது, அவள் நெருப்பைப் பார்த்தபடியே, தெரியும்ணே என்கிறாள், அவுக அன்னைக்கு வேலைக்குப் போற வழியில போன் பண்ணினாக, பயலுக்குக் காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, அலுப்பு, தூங்கட்டும்னு சொல்லிச் சிரிச்சாக, நீங்க வாயத் தொறந்து சொல்லுவீயளா மாட்டீயளான்னுதான் இம்புட்டுத் தூரம் ஏறி வந்தேன்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், அவள் தேற்றவில்லை, உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதிய, அது எனக்கு இன்னும் வரல என்றாள், பிறகு அந்த வெந்நீரை நிதானமாகக் குடித்து முடித்து, எந்திரிங்க, இங்க அவுக எப்படி இருந்தாக, என்ன சாப்பிட்டாக, யாரோட சிரிச்சாக, ஒண்ணுவிடாமச் சொல்லிக்கிட்டே வாங்க என்று வெளியே நடந்தாள், சொன்னேன், அவன் மீன் பொரித்ததை, ஜப்பான்காரர்களுக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்ததை, அடிவாரம் வரை சொல்லிக்கொண்டே இறங்கினோம், நான் நிறுத்தும்போதெல்லாம் அவளும் நிற்கிறாள், பொறவு, என்று கேட்கிறாள், பொறவு?