அனக்கம்

ஆற்றங்கரை உடைந்து வாழை நட்ட வயல்வெளியான ஏலா முழுக்க வெள்ளம். பம்புசெட் மோட்டாரைக் கழற்றி வருகிறேன் என்று நேற்று அந்தியில் இறங்கிப்போன அண்ணன் சிஜின் விடிந்தும் திரும்பவில்லை. மீட்புப் படகு வருகிறது, வருகிறது என்கிறார்கள்; எங்கே வருகிறதோ, கர்த்தருக்கே வெளிச்சம்!

தம்பி ஷாஜனிடம் இருந்ததெல்லாம் ஆசைக்குச் செய்து பறக்கவிடும் சின்ன விமானமும் அதன் வயிற்றில் ஒரு கேமராவும்தான். ஊரில் கரண்ட் இல்லை. பாட்டரியில் ஒருதடவை பறக்கத்தான் சார்ஜ். விசிறியோ விளிம்பு உடைந்தது. அதன் அதிர்வில், சாய்வை உணர்ந்து சரிசெய்ய வேண்டிய கைரோ மிரண்டு இறக்கைகளை வெட்டி வெட்டி இழுத்தது.

"சனியனே, இன்னைக்குத்தானா உனக்கு!"

போனில் அதிர்வு வடிகட்டியின் அளவை ஏற்றி ஏற்றி ஒருவழியாக அதை அடக்கினான். இனி கைரோவுக்குச் சமநிலை பழக்கவேண்டும். அதுவரை விமானம் கல்லாகக் கிடக்கவேண்டும். ஆடினால் அந்த ஆட்டத்தையே சமநிலை என்று நம்பி, பறந்ததும் தலைகுப்புற விழும். வராந்தாத் தரையில் வைத்தான்.

அம்மா நேசபாய் வந்து இறக்கைமேல் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினாள். பரீட்சை ஹால்டிக்கெட், புது பைக், சிஜினின் துபாய் விசா, எதுவும் அவள் கைவைக்காமல் அந்த வீட்டு வாசல் தாண்டியதில்லை. கை கிடுகிடுவென நடுங்கியது.

"அம்மா, கைய எடு. இது அசையப்பிடாது. ஒரு அனக்கம் கூடாது."

"ஜெபிக்கேன் மக்கா."

முதலிலிருந்து பழக்க, பாட்டரியைப் பிடுங்கி மறுபடி செருகினான். மறுபடியும் அந்தக் கை.

"எடும்மாங்கேன்!"

நேசபாய்க்கு முகம் செத்துப்போயிற்று. "கைய எடுக்கச் சொல்லுதியே, அவன் போயிட்டான்னு முடிவு பண்ணிட்டியாலே?"

ஷாஜனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். "எனக்கு ஜெபிம்மா. ஓட்டப்போறது நான்லா."

விமானம் தனியே கிடந்தது. சமநிலை பழகிவிட்டதென்று பச்சை விளக்கு நிலைத்தது. பறக்கவிட்டான்.

போன் திரையில் சேற்றுத் தண்ணீர், வாழைத் தலைகள், மிதக்கும் தேங்காய்கள். பாட்டரி தீர்கிறது என்று கருவி கீச்சிட்டது. இப்போது திருப்பினால்தான் விமானம் வீடு சேரும். அவன் திருப்பவில்லை. அப்போதுதான் மோட்டார் ரூம் தெரிந்தது. கூரைமேல் இடுப்பில் நீலச் சாரம் கட்டிய ஒருவன் குப்புறக் கிடந்தான்.

"அனக்கம் உண்டாலே?" அம்மாவின் விரல்கள் அவன் தலையை இறுக்கின.

"அனங்குண்ணே... ஒண்ணு அனங்குண்ணே..." திரையைப் பார்த்துக் கெஞ்சினான்.

படம் துளியும் நடுங்கவில்லை. அந்த நடுங்காத படத்தில் ஒரு கை மட்டும் மெல்ல உயர்ந்தது.

"அம்மா, அனங்குதான்!"

திரை கறுத்தது. ஷாஜன், "மோட்டார் ரூம்! மோட்டார் ரூம்!" என்று கத்திக்கொண்டே, கரையில் படகுக்குக் காத்து நின்றவர்களிடம் ஓடினான்.