எச்சில் கம்பி

என் மகளின் பல்லை எரித்தவர் என் மச்சாள் நல்லம்மா. கம்பியைத்தானே எரித்தேன், பல்லையா எரித்தேன் என்று அவர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

செல்வநாயகிக்குப் பதின்மூன்று வயது. மேல் முன்பற்கள் வெளியே தள்ளி நின்றதால் வாய் மூடாது. பல் குத்திக் குத்திக் கீழ் உதட்டில் புண் ஆறுவதே இல்லை. நித்திரையில் வாய் திறந்து கிடந்து, பல் முரசு காய்ந்து இரத்தம் கசியும். பெற்றவளுக்கு வயிறு எரியாதா?

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஏர்னெஸ்ட் என்று ஒரு பல் டொக்குத்தர், கல்கத்தாவில் படித்தவர். அண்ணத்தில் ஒட்டி நிற்கிற சிவப்பு றப்பர்த் தகடு ஒன்று செய்து, அதிலிருந்து கம்பியை வளைத்து முன்பற்களின் மேல் போட்டார். மாதம் ஒருமுறை நாங்கள் பஸ் ஏறிப் போக, கம்பியைக் கொஞ்சம் இறுக்கிவிடுவார்.

"சாப்பிடேக்கை மட்டும் கழட்டுங்கோ. பல்லையும் கம்பியையும் நல்லாக் கழுவிப்போட்டு உடனை போடவேணும். விட்டால் பல்லு பழைய இடத்துக்கே போயிடும்" என்றார்.

கழற்றிய கம்பியை எங்கே வைப்பது? அதில்தான் வந்தது வில்லங்கம். மச்சாள் என் கணவரின் அக்கா. கொடிகாமத்தில் புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து எங்கள் குசினியில் அடுப்பைப் பிடித்தவர். வாயிலிருந்து எடுத்தது எச்சில், வீட்டுக்குள் வரக்கூடாது என்றுவிட்டார். அவர் வெற்றிலை துப்புகிற படிக்கம் மட்டும் நடுவீட்டில் இருக்கலாமாம்! பிள்ளை கிணற்றடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீரில் கம்பியைப் போட்டுவிட்டு வந்து சாப்பிடுவாள்.

என் கணவர் சிவசுப்பிரமணியத்திடம் சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்தது. "அக்காவோடை கதைக்கிறன்" என்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டுகிற வாத்தியாருக்கு அக்காவின் முன்னால் வாயில் கொழுக்கட்டை.

ஆனாலும் பல் உள்ளே போனது. தைப்பொங்கலன்று செல்வநாயகி கண்ணாடியோடு ஓடிவந்தாள். "அம்மா, சொண்டு முட்டுது, பாருங்கோ!" உண்மையாகவே இரண்டு உதடும் முட்டின. நான் அழுதுவிட்டேன்.

மாசியில் மாமனாரின் திவசம் வந்தது. முதல்நாள் காலை, பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்க, வளவு கூட்டிய மச்சாள் சிரட்டையையும் சேர்த்துக் குப்பைக் கிடங்கில் கொட்டிக் கொளுத்திவிட்டார். நான் கிடங்கைக் கிண்டினேன். றப்பர் கருகிப்போய்க் கம்பி மட்டும் வந்தது.

"தெரியாமல் கொட்டினனீங்களோ, மச்சாள்?"

"தெரிஞ்சுதான். உந்த எச்சிலைக் கிணத்தடியிலை வைச்சுக்கொண்டு திவசம் செய்யேலுமோ?"

கணவரைப் பார்த்தேன். அவர் சால்வையைச் சரிசெய்தார். "நடந்தது நடந்துபோச்சு. பிறகு பாப்பம்" என்றார். எனக்கு மச்சாளிலும் பார்க்க அவரில்தான் கூடக் கோபம் வந்தது.

உலகமெல்லாம் சண்டை நடந்த நேரம். புதுத் தகட்டுக்கான சாமான் சீமையிலிருந்து வரச் சுணங்கியது. நாங்கள் காத்திருக்கக் காத்திருக்கப் பல் என் கண் முன்னால் வெளியே வந்தது. செல்வநாயகி கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினாள்.

ஆடியில்தான் புதுத் தகடு கிடைத்தது. பிள்ளை அதை வாயில் போட்டபடி வர, நாங்கள் படலையைத் திறந்ததும் திறக்காததுமாக மச்சாள் குசினிக்குள் இருந்து சொன்னார்: "சிரட்டை கிணத்தடியிலை கிடக்கு, பிள்ளை."

அவ்வளவுதான். மூன்று கல்லைத் தூக்கிவந்து மாமரத்தின் கீழ் போட்டேன். அடுப்பு மூட்டி உலை வைத்தேன். என் சீதன வெள்ளித் தம்ளரைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, "கழட்டி இதுக்குள்ளை போடு" என்றேன். ஊர் கேட்க மச்சாள் கத்தினார், நான் வீட்டை இரண்டாக்குகிறேனாம். கத்தட்டும்.

கணவர் பள்ளிக்கூடத்தால் வந்து, கால் கழுவி, இரண்டு அடுப்புக்கும் நடுவில் நின்றார்.

"எனக்கு எங்கை சாப்பாடு?"

"உங்களுக்கு அக்கா சமைச்சிருக்கிறா. நான் ரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டனான்."