இலாரியோனுக்காக இருபத்துநான்கு கோப்பைகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நிதானமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டுப் பார்த்தேன். கோபம் ஆறவில்லை. காப்பிதான் ஆறிப்போனது. அந்தக் காப்பி இருக்கும் கோப்பை இந்தக் கதையில் வரப்போகிற கோப்பைகளில் ஒன்று. வெள்ளைப் பீங்கான். விளிம்பில் செர்ரிப் பழங்கள் வரைந்திருக்கும். கைப்பிடியில் ஒரு சில்லு போயிருக்கிறது. அது எப்படிப் போனது என்று வரும்போது சொல்கிறேன்.

மருத்துவம் படிக்கக் கிஷினாவுக்கு வந்தேன். படிப்பை விட்டேன், ஊரை விடவில்லை. எல்லை ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டு யாஷுக்குப் போகும் ரயில் எனக்கு நம்மூர் டவுன் பஸ் மாதிரி. எல்லைச் சோதனையில் என் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அதையெல்லாம் நான் கதையாக எழுதவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'புரூத் ஆற்றின்மேல் மாலை வெயில் பொன்னை உருக்கி...'

அடித்துவிட்டேன். ஒருத்தியின் பையைக் கொட்டிக் கிளறுகிறார்கள், எனக்குப் பொன் ஒரு கேடா?

இரண்டாவது தொடக்கம்: 'அரசு என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்தே சுங்கம் என்பதும்...'

எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: 'அக்ரிப்பினா இந்த முறை ஒரு துண்டு இறைச்சிகூட எடுத்து வரவில்லை.'

இதுதான். இங்கிருந்தே போகலாம்.

2

அக்ரிப்பினா இந்த முறை ஒரு துண்டு இறைச்சிகூட எடுத்து வரவில்லை. பாலாடைக்கட்டி இல்லை, முட்டை இல்லை. வெண்ணெய் சேர்த்தால் அதற்கும் ஏதாவது சொல்வார்கள் என்று ரொட்டியை எண்ணெய் விட்டே பிசைந்தாள். பாலர் பள்ளியில் சமையல் வேலை செய்கிறவள். வெண்ணெய் இல்லாமல் ரொட்டி சுடுவது அவளுக்கு மானப் பிரச்சினை. அதையும் விழுங்கிக்கொண்டாள்.

காரணம் போன முறை நடந்தது. தம்பி இலாரியோன் யாஷில் கட்டட வேலைக்குப் போனவன், சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். உடலை ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரக் காகிதங்கள் வேண்டும். அவற்றைச் சேர்க்கும்வரை உடல் காத்திருக்காது. அங்கேயே அடக்கம் என்று முடிவானது. அக்ரிப்பினா ரயில் ஏறினாள். சாவுச் சாப்பாட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, புகைபோட்ட பன்றிக் கொழுப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துச் சுங்கத்தில் பிடித்தார்கள். வெளியிலிருந்து இறைச்சி வரக் கூடாது என்பது சட்டம். தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றார்கள். "சாவு வீட்டுச் சாப்பாட்டைக் குப்பையில போடச் சொல்ற நீ மனுசனா?" என்று அவள் கத்தினாள். எழுதி வாங்க வேண்டும் என்று கீழே இறக்கினார்கள். அவர்கள் எழுதி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. மறுநாள் போய்ச் சேர்ந்தபோது தம்பி மண்மேடாக இருந்தான்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? கொழுப்பைக் கட்டிக்கொண்டு அழுதவள் தம்பி முகத்தைக் கோட்டை விட்டாள் என்று.

[இந்த இடத்தில் எனக்கும் அவள்மேல் சந்தேகம் வந்தது. கொடுத்துத் தொலைத்துவிட்டுப் போயிருக்கலாமே? வாசகர்கள் கேட்பார்களே என்று அவளைச் சாதுவாக்கி ஒரு பக்கம் எழுதினேன். அந்த அக்ரிப்பினா அழுதாள், கெஞ்சினாள், அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். படித்துப் பார்த்தால் எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். நியாயம் கிடைக்க ஒருத்தி நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா?]

3

அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. ஆனால் நீங்கள் அடிக்குறிப்புப் படிக்கிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். அதனால் நடுவிலேயே வைக்கிறேன்.

இங்கே செத்தவர் பேரில் கொடுக்கும் தானத்துக்குப் பொமானா என்று பெயர். நாற்பதாம் நாள் கல்லறைப் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் கையில் ஒரு கோப்பை, ஒரு துண்டு, ஒரு ரொட்டி, ஒரு மெழுகுவத்தி கொடுப்பார்கள். எல்லாம் புதுசாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் "போக்தாப்ரோஸ்தே" என்பார். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று அர்த்தம். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்துவிட்டால் பொருள் செத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பிறகு திருப்பிக் கேட்கக் கூடாது. நீட்டியதை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. ஆற்றின் இரண்டு கரையிலும் இதே வழக்கம்தான், பேச்சும் ஒன்றுதான்.

நாளைக் காலை இலாரியோனுக்கு நாற்பதாம் நாள். முகத்தைத்தான் பார்க்கவில்லை, இதையாவது முறையாகச் செய்துவிட வேண்டும். அக்ரிப்பினாவுக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் பையில் இருபத்துநான்கு கோப்பைகள் இருந்தன.

4

அந்த ரயிலில் நானும் இருந்தேன். எல்லையில் தண்டவாளத்தின் அகலம் மாறுவதால், சக்கரம் மாற்றும் கொட்டகையில் ரயில் பெட்டியை எங்களோடு சேர்த்து மேலே தூக்கி, அகலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒடுக்கச் சக்கரத்தை மாட்டினார்கள். கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். பெட்டிப் பொறுப்பாளர் ராயிஸா கதவுக்குக் கதவு வந்து கத்தினாள்.

"அடக்கிக்கங்க எல்லாரும். யாராச்சும் பூட்டை ஆட்டினீங்க, டீ கிடையாது, சொல்லிட்டேன்."

எங்கள் அறையில் மூன்று பேர். நான், அக்ரிப்பினா, கண் ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த எஃப்திமி என்ற பெரியவர். பாலத்தைத் தாண்டியதும் அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் சுங்கத்தார் ஏறினார்கள். (ஸ்டேஷன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறை என் ஷூவோடு நிறுத்த மாட்டார்கள்.)

அதிகாரிக்குப் பெயர் வைக்க எனக்கு மனசில்லை. பெயர் வைத்தால் அவனுக்கு ஒரு அம்மா வந்துவிடுவாள், வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடும். உங்களுக்கு மனசு இளகிவிடும். முப்பது வயது இருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. அது போதும்.

அவன் பையைத் திறக்கச் சொன்னான். அவள் திறந்தாள். கோப்பைகள் இருந்த அட்டைப்பெட்டியை எடுத்து இரும்பு மேசைமேல் டொக்கென்று வைத்தான். உள்ளே ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. என் கோப்பையின் சில்லு போனது அப்போதுதான்.

"பார்த்து வைப்பா தம்பி. பீங்கான்."

"இவ்வளவு கப் எதுக்கும்மா?"

"பொமானாவுக்கு. நாளைக்கு என் தம்பிக்கு நாற்பது."

"இருபத்துநாலு கப், இருபத்துநாலு துண்டு. ஒண்ணுலகூட லேபிள் கிழிக்கல. இது வியாபாரச் சரக்குன்னு வரும்மா."

"பொமானாவுக்குப் பழசையா குடுப்பாங்க? உங்க வீட்ல அப்படித்தான் குடுக்குறீங்களா?"

"எங்க வீட்டப் பத்திப் பேசாதீங்க. ஆளுக்கு ஒண்ணு ரெண்டுன்னா சொந்த உபயோகம். இது அந்தக் கணக்குல வராது. இறங்குங்க, எழுதணும்."

எழுதணும். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த அறையெல்லாம் பாத்துட்டு வர்றேன். பையைக் கட்டி வைங்க," என்று சொல்லிவிட்டு, அவளுடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

(அவன் கொடியவன் என்று நான் சொல்லவில்லை. கொடியவனாக இருந்திருந்தால் என் வேலை சுலபம். அவன் சட்டப்படி நடந்துகொண்டான். என் வயிறு எரிவதே அதனால்தான்.)

5

யோசனை ராயிஸாவுடையது. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஆளுக்கு ஒண்ணுன்னா பரவாயில்லன்னு அவன்தானே சொன்னான்? பெட்டியில ஆள் இல்லையா என்ன? எடு அக்கா. ஆளுக்கொண்ணு வெச்சுக்கச் சொல்லு. அவன் இறங்கினதும் நான் வாங்கித் தர்றேன். பத்திரமா யாஷ் போய்ச் சேரும்."

"குடுப்பாங்களா?"

"குடுக்காம? கழிப்பறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

அக்ரிப்பினா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். துண்டில் ஒரு கோப்பையைச் சுற்றி, அதற்குள் ரொட்டியையும் மெழுகுவத்தியையும் வைத்தாள். வீட்டில் பழகிய கை, சுற்றாமல் கொடுக்க வராது. முதலில் எஃப்திமியிடம் நீட்டினாள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கையில் துண்டு தட்டுப்பட்டது, துண்டுக்குள் மெழுகுவத்தி தட்டுப்பட்டது. எழுபது வருடப் பழக்கம். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"போக்தாப்ரோஸ்தே. செத்தவர் பேரு என்னம்மா?"

ராயிஸா தலையில் கை வைத்துக்கொண்டாள். "யோவ் பெரியவரே! பிடிச்சுக்கத்தான்யா குடுத்தாங்க, வாங்கிக்க இல்ல!"

"எனக்கென்ன தெரியும்? மெழுகுவத்தி இருக்கே!" என்று அவர் பதறினார். "திருப்பித் தந்துடட்டுமா?"

திருப்பித் தரக் கூடாது என்று அவருக்கும் தெரியும். அக்ரிப்பினா அவர் கையிலிருந்த துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிவிட்டாள்.

"வெச்சுக்கங்க," என்றாள். "பேரு இலாரியோன்."

அடுத்ததை அவள் என்னிடம் நீட்டியபோது அது ஒளித்து வைப்பதற்காக இல்லை. "இலாரியோனுக்காக," என்று சத்தமாகச் சொன்னாள். நானும் என் தேய்ந்த உச்சரிப்பில் அந்தச் சொல்லைச் சொன்னேன். பிறகு அவள் நடைவழியில் இறங்கி ஒவ்வொரு கதவாகப் போனாள். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு இருந்த பெண், குழந்தையின் கையைக் கோப்பைமேல் வைத்துவிட்டு அதே சொல்லைச் சொன்னாள். ராயிஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கினாள். ஒவ்வொரு வாயிலிருந்தும் அவன் பெயருக்கு மன்னிப்பு விழுந்துகொண்டிருந்தது. கல்லறை இன்னும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைக் கல்லறைக்கென்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

6

அவன் திரும்பி வந்தான். காலிப் பையைப் பார்த்தான்.

"எங்கம்மா சரக்கு?"

"குடுத்துட்டேன்."

"என்னை என்ன கேனையன்னு நெனச்சீங்களா? நான் இறங்கினதும் திருப்பி வாங்கிக்குவீங்க. பழைய வேலை இது."

"திருப்பி வாங்க முடியாது. எல்லாரும் சொல்லிட்டாங்க." அவள் எழுந்தாள். "எதைச் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும். நீயும் அந்தச் சோத்தைத் தின்னு வளந்தவன்தானே?"

அவன் நடைவழியைப் பார்த்தான். கதவுக்குக் கதவு ஆட்கள் நின்றார்கள். கையில் துண்டு சுற்றிய கோப்பை. யாரும் எதையும் ஒளிக்கவில்லை.

"போன தடவை கத்தினேன். எழுதணும்னு இறக்கி விட்டீங்க. அவனைப் புதைச்சுட்டாங்க. இந்தத் தடவை கத்தல. சட்டம் சொன்னது அத்தனையும் கேட்டேன். வெண்ணெய்கூடப் போடல. வெண்ணெய் போடாத ரொட்டி அவனுக்குப் புடிக்கவே புடிக்காது, தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும்."

மடியில் வைத்திருந்த கோப்பையை அவனை நோக்கி நீட்டினாள். கல்லறைக்கென்று மிச்சம் வைத்த அந்தக் கடைசிக் கோப்பையை.

"ஆளுக்கு ஒண்ணுன்னா பரவாயில்லன்னு சொன்னியே. இந்தா, உன் பங்கு. கடவுள் அவனை மன்னிக்கட்டும்னு நீயும் சொல்லு. உங்களை யாரு மன்னிக்கறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் கை மேலே எழுந்தது. கோப்பைப் பக்கமா, சட்டைப் பையிலிருந்த பேனாப் பக்கமா என்று...

7

இந்த வாக்கியத்தை முடிக்கத்தான் இத்தனை நாளாகத் திண்டாடுகிறேன்.

அவன் வாங்கிக்கொண்டான் என்று ஒருமுறை எழுதினேன். தொப்பியைக் கழற்றினான், தழுதழுத்தான், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான். நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "அதிகாரியும் மனுஷன்தானே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், கிழித்துவிட்டேன். ஒருத்தியின் தம்பி முகத்தைத் தின்ற எல்லை ஒரு தழுதழுப்பில் கழுவிக்கொண்டு போய்விடுமா?

மறுத்தான் என்று எழுதினேன். பெட்டியே அவனைக் காறித் துப்பியது. அதுவும் சரியில்லை. அப்படியானால் தப்பு அவன் ஒருவனுடையது என்றாகிவிடும். அவனை மாற்றிவிட்டு வேறொருவனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமாக்கும்.

இன்னொன்று. பயணிகள் எல்லாரும் யாஷில் இறங்கி, கோப்பையோடு அவள் பின்னால் கல்லறைக்கே... இது முழுப் பொய். அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது. எஃப்திமிக்கு ஆஸ்பத்திரி. எனக்குப் புகாரெஸ்ட் வரை டிக்கெட். யாஷில் அவள் காலிப் பையோடு இறங்கினாள் என்பது மட்டும் உண்மை. இறங்கும்போது கையிலும் ஒன்றும் இல்லை. வாங்கினானோ, பிடுங்கினானோ, நான் சொல்லப் போவதில்லை. தெரியும், சொல்ல மாட்டேன். சொன்ன மாத்திரத்தில் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

அவள் நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருக்கட்டும். வலிக்கும்தான்.

வேண்டுமானால் ஒன்று செய்யலாம். என் மேசைமேல் இருக்கும் கோப்பையைக் கழுவிவிட்டேன். தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். இதில் நாம் குடித்தால் மறு உலகில் செத்தவன் தாகம் தீருமாம், இங்கே அப்படித்தான் நம்புகிறார்கள். நாற்பதாம் நாளுக்கு வெறுங்கையோடு போனவள் சார்பில் இதை உங்களிடம் நீட்டுகிறேன். சில்லு போனது, பரவாயில்லை. அவன் பெயர் இலாரியோன். வாங்குகிறவர் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். வாங்காமல் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பக்கம் நிற்கும் அதிகாரி நீங்கள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.